மேற்படி

போன வாரம் பரண் ஒழித்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. நீள நோட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. நான் பதினாறு வருஷம் வேலை பார்த்த பெண் குழந்தைகள் இல்லத்தின் முதல் சேர்க்கைக் கணக்கு. முறையான பதிவேடுகளை எல்லாம் இல்லம் மூடியபோது ஒப்படைத்துவிட்டோம். இது அதற்கெல்லாம் முந்தியது, கைக்கணக்காக நான் எழுதி வைத்தது. 2005 ஏப்ரலில் தொடங்குகிறது. பெயர், வயது, ஊர், தாய், தந்தை, சேர்க்கக் காரணம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் முதல் வரி 'சுனாமி'. அடுத்த நாலைந்து வரிகளும் அப்படித்தான். அப்புறம் 'வறுமை'. அதற்குக் கீழே 'மேற்படி'. அதற்கும் கீழே 'மேற்படி'. பக்கத்தைத் திருப்பினால் மறுபடி ஒரு 'வறுமை', பிறகு பக்கம் முழுக்க 'மேற்படி'.

ஏணிப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"சட்டம் போட்டே நல்ல இல்லங்களை எல்லாம் மூட வைச்சுட்டாங்க" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. எங்கள் இல்லமும் மூடியதுதானே, நான் ஆமாம் என்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். என்னால் ஆமாம் சொல்ல முடிவதில்லை. இல்லை என்றும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் பெயரும் இல்லத்தின் பெயரும் சொல்லப் போவதில்லை. டெல்டா கடற்கரையில் ஒரு மீனவ ஊருக்குப் பக்கம் என்பது போதும். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சொல்லாவிட்டாலும் நான் வெளியிட மாட்டேன். அவர்களில் பாதிப் பேருக்கு இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரைக்குப் பணம் வந்தது. வெளிநாட்டிலிருந்து, சென்னையிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்தது. ஒரு டிரஸ்ட் பழைய ரைஸ்மில் களத்தை ஒட்டியிருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தாய் தகப்பன் இழந்த பெண் குழந்தைகளுக்கு என்று இல்லம் தொடங்கியது. நான் வார்டனாகச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு, பி.ஏ. முடித்திருந்தேன். வேறு எந்தப் பயிற்சியும் கிடையாது.

மூன்றாவது வருஷம் சுனாமிப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். சித்தி, பாட்டி, மாமா என்று யாராவது வந்து கூட்டிப் போனார்கள். ஆனால் நாற்பது குழந்தைகளுக்கு என்று பணம் வந்துகொண்டிருந்தது. இடமும் இருந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் கேட் வாசலில் அம்மாக்கள் நிற்பார்கள், ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் ஜவுளிக்கடைப் பை. "சோறு போட்டுப் படிக்க வைங்க டீச்சர், அது போதும்." நான் நோட்டை எடுத்துப் பெயர் எழுதுவேன். வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்வதுதான் இரக்கம் என்று நம்பினேன். மேற்படி, மேற்படி என்று எழுதிக்கொண்டே போனேன்.

சமையல் கீற்றுக் கொட்டகையில் நடந்தது. அதிலிருந்து எட்டடி தள்ளிக் குழந்தைகள் படுக்கும் ஹால். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையல் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். எங்கள் இல்லம் தொடங்குவதற்கு ஒன்பது மாதம்கூட முந்தியதில்லை அது. பஸ்ஸில் போனால் சில மணி நேரத் தூரம்தான். டிவியில் பார்த்து அழுதவள் நான். அப்படியும் கீற்றுக் கொட்டகையில் விறகடுப்பு எரிவதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வந்து கேட்கிறவரும் யாரும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் கெட்டவர்கள் இல்லை. குழந்தைகளைப் பட்டினி போட்டதில்லை, வேலை வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து நானே பேன் பார்த்துவிடுவேன். நல்ல மனசு இருந்தால் இல்லம் தானாக நன்றாக நடக்கும் என்று நினைத்திருந்த காலம் அது.

இல்லங்களுக்குப் பதிவு கட்டாயம் என்பது பழைய இளைஞர் நீதிச் சட்டத்தின் 2006 திருத்தத்திலேயே வந்துவிட்டது. எங்கள் டிரஸ்ட் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை ஃபைலில் வைத்ததோடு சரி. 2014ல் பொள்ளாச்சி விடுதியில் இரண்டு சிறுமிகளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. சுவர், காவலாளி, கேமரா என்று பேச்சு தொடங்கியது அப்போதுதான். உண்மையில் எங்களைப் பிடித்து உலுக்கியது 2016 ஜனவரி 15ல் அமலுக்கு வந்த புதிய இளைஞர் நீதிச் சட்டம். அதன் 41வது பிரிவுப்படி எல்லாக் குழந்தைகள் இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றத்தில் 2007 முதல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமை பற்றி வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய வழக்கு அது. 2017 மே 5ல் தீர்ப்பு வந்தது: அந்த வருஷக் கடைசிக்குள் நாட்டில் ஒரு இல்லம் பாக்கியில்லாமல் பதிவு முடிய வேண்டும்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் டேப் வந்தது. அளவு பார்க்க வந்த அதிகாரி இஞ்சி டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துச் சுவரோடு பிடிக்கச் சொன்னார். முப்பதடிக்கு இருபத்தேழடி. 810 சதுர அடி. விதிப்படி இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஆயிரம் சதுர அடி, அதாவது தலைக்கு நாற்பது. அவர் ஃபோனில் கணக்குப் போட்டுப் படிவத்தில் எழுதினார்: 20.

அன்றைக்கு இல்லத்தில் முப்பத்தெட்டுப் பேர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாசத்தை டேப் வைத்து அளக்கிறார்களே என்று சமையல் அக்காவிடம் புலம்பினேன். ஆனால் அந்த ஹாலை ராத்திரியில் பார்த்தவள் நான். பாய்க்குப் பாய் இடைவெளி கிடையாது. நடு ராத்திரி பாத்ரூம் போகிறவள் நாலு பேர் காலையாவது மிதித்துத்தான் போவாள். ஒருத்திக்குச் சொறி வந்தால் பத்தே நாளில் பதினைந்து பேருக்கு விரலிடுக்கெல்லாம் வந்துவிடும். வருஷம் தவறாமல் மழைக்காலத்தில் வரும். சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, பென்சைல் பென்சோயேட் மருந்தைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, முப்பத்தெட்டுப் பாவாடையையும் போர்வையையும் ஒரே நாளில் கொதிக்க வைத்துத் துவைப்போம். மருந்து எரியும். சின்னதுகள் அழும். 'கடற்கரைக் காற்று, உப்புத் தண்ணி' என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். எண்ணிக்கை இருபதாகி, ஆளுக்கு ஒரு இரும்புக் கட்டிலும் தனிப் போர்வையும் வந்த அடுத்த மழைக்காலத்தில் சொறி வரவே இல்லை. நாற்பது சதுர அடி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த டிசம்பரில்தான்.

டேப்பைவிட முக்கியமான ஒன்று பின்னாலேயே வந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு சமூகப் பணியாளர். சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். மூன்று நாள் என்னோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், படிவம் 7. இந்தச் சிவப்பு நோட்டைத்தான் முதலில் நீட்டினேன். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கேட்டாள்: "இவ ஏன் மேடம் இங்க இருக்கா?"

"அதான் போட்டிருக்கே, மேற்படி."

"வறுமைன்னா எதுக்குப் பணம் இல்ல? சாப்பாட்டுக்கா, வாடகைக்கா, பஸ்ஸுக்கா? வேற ஏதாவதா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தோம். முப்பத்தெட்டில் தாய், தகப்பன் இருவருமே இல்லாதவர்கள் நாலு பேர். அம்மா மட்டும் உள்ளவர்கள் இருபத்தொன்று. அப்பா மட்டும் உள்ளவர்கள் ஐந்து. எட்டுப் பேருக்குத் தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். வாசலில் 'ஆதரவற்ற' என்று பெயிண்ட்டில் எழுதிய போர்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆறு வயதில் வந்தவள், அப்போது பதின்மூன்று. அம்மா கருவாட்டு வேலை. மாதம் இரண்டாவது ஞாயிறு முறுக்குப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். வீடு பதினாலு கிலோமீட்டர். சமூகப் பணியாளரும் நானும் போய்ப் பார்த்தோம். அம்மா இருட்டின பிறகுதான் வேலை விட்டு வருவார். பக்கத்து வீட்டில் குடிக்கிற ஆள். வீட்டுக்குக் கதவு கிடையாது, சாக்குப் படுதா. "பொட்டப்புள்ளய எப்புடிம்மா வுட்டுட்டுப் போறது?" என்று கேட்டார். சமூகப் பணியாளர் படிவத்தில் 'தேவை' என்ற இடத்தில் முதலில் எழுதியது 'கதவு'. இரண்டாவது, பள்ளி விட்டதும் ராத்திரி வரை இருக்க ஓர் இடம். அதற்கு அதே தெருவில் அத்தை வீடு இருந்தது. அத்தைக்கு என்ன தயக்கம் என்று இத்தனை வருஷம் யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டுச் செலவுதான் தயக்கம்.

ஏழு வருஷம் அந்தப் பெண்ணை அவள் அம்மாவிடமிருந்து பிரித்து வைத்திருந்தோம், ஒரு கதவுக்காக. மாதா மாதம் அவளுக்கென்று வந்த பணத்தில் இரண்டு மாதப் பணம் போதும், கொண்டி வைத்த தகரக் கதவு போட்டிருக்கலாம். கதவை டிரஸ்ட் போட்டுக் கொடுத்தது. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க அரசு கொடுக்கும் நிதி ஆதரவுத் திட்டத்தில் அப்போது மாதம் 2,000 ரூபாய். இப்போது மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் அது 4,000. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போனாள். இன்று அரசுக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள்.

பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகள் எழுதிப் போட ஓர் ஆலோசனைப் பெட்டி வைக்க வேண்டும், சாவி எங்களிடம் இருக்கக் கூடாது என்பது விதி. முதல் தடவை திறந்தபோது பதினொரு சீட்டு. சாம்பார் தண்ணியாக இருக்கிறது, டிவி ரிமோட்டைப் பெரிய பிள்ளைகளே வைத்துக்கொள்கிறார்கள், பாத்ரூம் தாழ்ப்பாள் சரியில்லை. ஒரு சீட்டில் பென்சிலால்: 'பேன் பாக்கும்போது மிஸ் மண்டையில குட்டுறாங்க.' மிஸ் என்றால் நான்தான். திறந்த அதிகாரி வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குட்டியது நிஜம். செல்லமாகக் குட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். எழுதியவள் அதைச் செல்லம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் மடியில் தலை வைத்த ஒருத்திகூட என்னிடம் நேரில் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, சோறு போடுகிறவள் நான்தானே. அன்றைக்கே குட்டுவதை நிறுத்தினேன். தாழ்ப்பாளையும் அன்றைக்கே மாற்றினோம்.

ஆய்வுக்கு வருகிறவர்களில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. தீயணைப்பான் காலாவதித் தேதி பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துப் போனவர்கள் உண்டு. ஒரு முறை குழுவில் வந்த லேடி டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது அவமானமாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம், 2018ல், பீகார் முசாஃபர்பூர் செய்தி வந்தது. அரசுப் பணத்தில் நடந்த சிறுமிகள் இல்லம். அங்கே சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை வெளியே கொண்டுவந்தது டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று. குழந்தைகளோடு உட்கார்ந்து பேசியதால்தான் அது தெரிய வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. அந்த டாக்டருக்கு மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இனி மறுபக்கம். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

முப்பத்தெட்டை இருபதாக்க ஒரு வருஷத்துக்குள் பதினெட்டுப் பேரை அனுப்பினோம். பதினொரு பேர் நன்றாக இருந்தார்கள், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். நாலு பேர் அரசு விடுதிகளில் சேர்ந்தார்கள். மூன்று பேர் விஷயத்தில் தோற்றோம். அதில் ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி, மாமா வீட்டுக்குப் போனாள். நிதி ஆதரவுக்கு எழுதிக் கொடுத்தது ஒன்பது மாதம் எங்கே நின்றதோ தெரியவில்லை. முதல் தவணை வந்து சேர்ந்தபோது அவள் பத்தாவதை நிறுத்திவிட்டு ஸ்பின்னிங் மில் வேலைக்குப் போயிருந்தாள். மில் விடுதியில் தங்கி, அங்கிருந்து ஒரு ராத்திரி ஃபோன் பண்ணினாள். "மிஸ், இங்கயும் வரிசையாத்தான் படுத்துருக்கோம்" என்றாள். நான் என்ன சொல்ல?

அனுப்பிவிடுவது ஒரு நாள் வேலை, ஒரு கையெழுத்து. அனுப்பிய பிறகு மாதா மாதம் அந்த வீட்டுப் படியேறிப் பார்க்க ஆள் வேண்டும், பஸ் காசு வேண்டும், நேரம் வேண்டும். பின்தொடர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அந்தச் சமூகப் பணியாளரின் கையில் அந்த வருஷம் எத்தனை இல்லங்களின் ஃபைல் இருந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் டிரஸ்டிலும், "இல்லத்தில் இருக்கும் குழந்தைக்குத்தான் பணம், வீட்டில் இருக்கிறவளுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். நான் என் சொந்த டிவிஎஸ் ஸ்கூட்டியில் முடிந்தவரை போய்ப் பார்த்தேன். முடிந்தது கொஞ்சம்தான்.

இன்னொன்று, பெரிய இல்லத்துக்குப் போட்ட கணக்கைச் சின்ன இல்லமும் சுமக்க வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர், குழந்தைகள் நல அலுவலர், ஆலோசகர், இல்லத்தாய், காவலர் என்று பட்டியல். ஐம்பது பேருக்கு அது நியாயம். இருபது பேர் இருக்கிற இடத்தில் சம்பளத்துக்கு எங்கே போவது? கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று எல்லாம் ஒரு வழியாக வாங்கி முடித்த நேரத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து புதுச் சமையலறையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக் களத்தில் கொண்டுபோய்ப் போட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். அப்புறம் கொரோனா. வீடு இருக்கிற பிள்ளைகள் எல்லாம் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனார்கள். செப்டம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்கள் இல்லக் குழந்தைகளை நூறு நாளில் குடும்பத்தோடு சேர்க்கப் பார்க்க வேண்டும் என்று எழுதியது. அதே மாதம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. எங்கள் டிரஸ்டுக்கு வேறொரு பெரிய நிறுவனம் வழியாகத்தான் பணம் வந்துகொண்டிருந்தது. 2021 மார்ச்சில் இல்லத்தை மூடினோம். கடைசியில் இருந்தது ஐந்து பேர். தாயும் தகப்பனும் இல்லாத அந்த நாலு பேரில் இரண்டு பேர் அதில் உண்டு. குழந்தைகள் நலக் குழு உத்தரவோடு வேறு இல்லத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒருத்தி என் முந்தானையை முடிச்சுப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். முடிச்சை அவிழ்க்க வண்டியிலிருந்து இறங்கி வெகு நேரமாயிற்று. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும். நல்ல இல்லம், சின்ன இல்லம் வேண்டும். எங்களுடையது கடைசி மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தது, அப்போதுதான் மூடினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் பக்கத்தில் இரண்டு இடங்கள் மூடவில்லை. 'குழந்தைகள் இல்லம்' போர்டைக் கழற்றிவிட்டு 'மாணவியர் விடுதி' என்று மாட்டிக்கொண்டன. விடுதிக்கும் உரிமம் உண்டு, காப்பாளர், காவலாளி எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, இவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்க யாரும் போவதாகத் தெரியவில்லை. இந்தச் சட்டத்தில் எதை விட்டாலும் அந்தக் கேள்வியை விடக் கூடாது. அதைக் கேட்கிற சமூகப் பணியாளர்களை இன்னும் நிறைய வேலைக்கு எடுக்க வேண்டும். டேப் பிடிக்க ஒருவர் வந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்க்க நாலு பேர் வர வேண்டும்.

நோட்டையும் ஒப்படைக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ராத்திரி ஒரு தனித்தாளில் உட்கார்ந்து, 'மேற்படி' என்று இருந்த வரி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிப் பார்த்தேன். கதவு இல்லை. அப்பா ஜெயிலில். அம்மாவுக்கு டிபி. தங்கைக்குக் காது கேட்காது, அம்மா அவளை விட்டு நகர முடியாது. பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது. பதினேழு பேருக்கு எழுத முடிந்தது. மீதிப் பேருக்கு எனக்கே தெரியவில்லை, வருஷக்கணக்காக என் கையால் சோறு தின்ற பிள்ளைகள். மூன்றாம் பக்கம் ஆறாவது வரியில் இருப்பவளின் அம்மா நம்பர் என் ஃபோனில் இன்னும் இருக்கிறது. காலையில் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன்.